பயாஸில் நினைவக வேக அமைப்பு

நினைவக வேக அமைப்பு என்பது கணினியின் ரேம் என்ன வேகத்தில், என்ன தாமத எண்களோடு, எத்தனை வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும் என்பதை மதர்போர்டின் பயாஸில் நிர்ணயிக்கும் பகுதி. ரேம் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் பல நேரங்களில் தானாகக் கிடைப்பதில்லை. 3200 என்று விற்கப்படும் டிடிஆர்4 ரேமைப் பொருத்தி, பயாஸில் எதையும் தொடாமல் விட்டால், அது 2133, 2400 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பெற, அதைப் பயாஸில் ஒருமுறை தேர்வு செய்தாக வேண்டும்.

வேகமும் தாமதமும்

டிடிஆர் வகை ரேம், கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது. டிடிஆர்4-3200 என்பதன் உண்மையான கடிகார வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்றும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 3200 என்றும் காட்டினால் இரண்டும் சரியே.

ரேமையும் பிராசசரையும் இணைக்கும் ஒரு தடத்தின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். ஆகவே 3200 வேகத்தில் ஒரு தடம் நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை கடத்தும். இரட்டைத் தடத்தில் 51.2 ஜிகாபைட். 2133 வேகத்தில் ஒரு தடத்துக்குக் கிடைப்பது சுமார் 17 ஜிகாபைட் மட்டுமே.

வேகத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை 16-18-18-38 என்பது போன்ற தாமத எண்கள். முதல் எண்ணான சிஎல், தரவு கேட்கப்பட்டதிலிருந்து அது வரத் தொடங்கும் வரை கழியும் துடிப்புகளைக் குறிக்கும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோநொடியில் கிடைக்கும். 3200 சிஎல்16, 3600 சிஎல்18, டிடிஆர்5-6000 சிஎல்30 ஆகிய மூன்றிலும் விடை 10 நானோநொடிதான். டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.7 நானோநொடி. எனவே வேக எண்ணை மட்டும் பார்த்து ரேமை எடைபோடக் கூடாது.

தரநிலையும் புரொஃபைல்களும்

ரேமின் தரநிலைகளை வகுப்பது ஜெடெக் அமைப்பு. அது டிடிஆர்4 தரநிலையை 2012-இலும் டிடிஆர்5 தரநிலையை 2020-இலும் வெளியிட்டது. இவற்றின் இயல்பு மின்னழுத்தம் முறையே 1.2 வோல்ட், 1.1 வோல்ட். ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி எனப்படும் சிறு சிப் ஒன்று உண்டு. ரேமின் கொள்ளளவும் அதற்குப் பாதுகாப்பான வேகங்களும் தாமத எண்களும் அதில் பதிந்திருக்கும். கணினியை இயக்கியதும் பயாஸ் அதைப் படித்து, ஜெடெக் வரையறைக்குள் அடங்கும் வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது.

தரநிலையைத் தாண்டிய வேகங்களுக்காக இன்டெல் 2007-இல் டிடிஆர்3 காலத்தில் எக்ஸ்எம்பி முறையைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த வேகம், தாமதம், மின்னழுத்தம் மூன்றும் ஒரே புரொஃபைலாக அதே எஸ்பிடி சிப்பில் எழுதப்பட்டிருக்கும். டிடிஆர்5-க்கான எக்ஸ்எம்பி 3.0 2021-இல் வந்தது. ரைசன் 7000 வரிசையுடன் 2022-இல் ஏஎம்டி தன் எக்ஸ்போ முறையை அறிமுகப்படுத்தியது. ஏசுஸின் ஏஎம்டி மதர்போர்டுகளில் எக்ஸ்எம்பி புரொஃபைலை டிஓசிபி என்ற பெயரில் காணலாம்.

பெயர் எதுவானாலும் இவை, தரநிலையை மீறிய வேகத்தில் இயக்கும் ஓவர்கிளாக்கிங் வகையைச் சேர்ந்தவை. டிடிஆர்4-இல் எக்ஸ்எம்பியை இயக்கினால் மின்னழுத்தம் பெரும்பாலும் 1.2-லிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயரும். ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்பது ஏஎம்டியின் நிலைப்பாடு.

வரம்புகள்

ரேம் தாங்கும் வேகத்தைப் பிராசசரும் மதர்போர்டும் தாங்கியாக வேண்டும். நினைவகக் கட்டுப்படுத்தி பிராசசருக்குள்ளேயே இருப்பதால் முதல் வரம்பு அங்கே தொடங்குகிறது. ரைசன் 5000-க்கு அதிகாரபூர்வ வரம்பு டிடிஆர்4-3200. ரைசன் 7000-க்கு இரண்டு ரேம் பொருத்தினால் 5200, நான்கு பொருத்தினால் 3600. ரேம்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சிக்னலின் தரம் குறைவதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம். 32 ஜிபி தேவைப்படுவோர் நான்கு 8 ஜிபியை விட இரண்டு 16 ஜிபியை வாங்குவது நல்லது. தனித்தனியாக வாங்கியவற்றைக் கலந்து பொருத்துவதைவிட ஒரே தொகுப்பாக விற்கப்படும் ஜோடியே நம்பகமானது.

இன்டெல் பக்கம் சிப்செட்டையும் பார்க்க வேண்டும். எச்510, எச்610 சிப்செட்கள் நினைவக ஓவர்கிளாக்கிங்கை அனுமதிப்பதில்லை. பி560, பி660 அனுமதிக்கின்றன.

அதிக வேகம் எப்போதும் அதிகப் பலன் தராது. ரைசன் 5000-இல் உள்இணைப்பும் நினைவகக் கட்டுப்படுத்தியும் ரேமின் கடிகாரத்தோடு சமமாக ஓடும்போதுதான் தாமதம் குறைவாக இருக்கும். இந்தச் சமநிலை வழக்கமாக 3600 வரை நிற்கும். அதற்கு மேல் கட்டுப்படுத்தி பாதி வேகத்துக்கு இறங்கினால், ரேம் வேகமாகியும் மொத்தத்தில் இழப்பே மிஞ்சலாம். ரைசன் 7000-க்கு 6000 வேகம் சிறந்ததாகப் பரிந்துரைக்கப்படுவதற்கும் கட்டுப்படுத்தியின் இந்தச் சமநிலையே காரணம். இன்டெல் இதே விகிதங்களை கியர் 1, கியர் 2 என்று குறிக்கிறது.

தேர்வு செய்யும் முறை

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் மட்டும் பொருத்துவதாக இருந்தால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணும்போது வரும் 2-ஆம், 4-ஆம் ஸ்லாட்டுகளே உரியவை. கணினி துவங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் நுழையலாம். புரொஃபைல் வரியில் டிடிஆர்4-3200, 16-18-18-38, 1.35 வோல்ட் என்பது போன்ற விவரம் இருக்கும். அதைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுத் தேர்ந்து, எஃப்10 அழுத்திச் சேமிக்கலாம்.

அடுத்த துவக்கத்தில் மதர்போர்டு புதிய வேகத்துக்கு ஏற்றபடி சிக்னல்களைச் சரிசெய்துகொள்ளும். திரை கறுப்பாகவே இருக்கலாம். கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழலாம். டிடிஆர்5 கணினிகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. புதிய வேகம் ஒத்துவராதபோது பல மதர்போர்டுகள் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பயாஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் சிமாஸை அழிக்கும் ஜம்பரைப் பயன்படுத்தலாம். அல்லது காசு வடிவ பேட்டரியைச் சிறிது நேரம் எடுத்துவைக்கலாம். பிறகு ஒரு படி குறைத்து முயல வேண்டும். 3600 நிற்காவிட்டால் 3466, அதுவும் நிற்காவிட்டால் 3200.

பயன்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரை நம்பியிருக்கும் கணினிகளுக்கே ரேமின் வேகத்தைக் கூட்டுவதால் பெரும் பயன். அவற்றின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இதே ரேமைப் பகிர்ந்துகொள்வதால், ரேமின் வேகம் கூடும்போது விளையாட்டுகளின் ஓட்டம் கண்கூடாக மேம்படும். பிராசசரை அதிகம் நம்பும் விளையாட்டுகளிலும் பலன் தெரியும். கடிதம் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் பயன்படும் கணினியில் வேறுபாட்டை உணர்வது கடினம்.

நிலைத்தன்மை

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதாலேயே புதிய வேகம் சரியாகிவிட்டது என்று கொள்ள முடியாது. பிழையுள்ள ரேம் நீலத்திரையைக் காட்டினால் அது நல்ல காலம். பெரும் கேடு ஓசையின்றி நடக்கும். நகலெடுக்கும் படமும் சேமிக்கும் கணக்கும் ரேம் வழியாகவே வட்டுக்குச் செல்வதால், இடையில் மாறிய ஒரு பிட் கோப்பில் அப்படியே பதிந்துவிடும். டிடிஆர்5 சிப்களுக்குள் உள்ள பிழைதிருத்தம், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான வழியில் நேரும் பிழையைத் திருத்தாது.

ஆகவே வேகத்தை மாற்றியதும் பென் டிரைவிலிருந்து இயங்கும் இலவச மென்பொருளான மெம்டெஸ்ட்86+ கொண்டு பல சுற்றுகள் சோதிக்க வேண்டும். ஓர் இரவு முழுக்க ஓடவிடுவது பொதுவான வழக்கம். வெப்பம் ஏறினால் பிழை வாய்ப்பும் ஏறும் என்பதால், குளிர்காலத்தில் தேறிய அமைப்பைக் கோடையில் மறுபடி சோதிப்பது நல்லது.

பயாஸைப் புதுப்பித்து வைப்பதும் அவசியம். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகியதாகப் புகார்கள் எழுந்தபோது, எக்ஸ்போவை இயக்கினால் சில மதர்போர்டுகள் பிராசசரின் எஸ்ஓசி எனப்படும் பகுதிக்கான மின்னழுத்தத்தை மிகையாக உயர்த்தியது கவனத்துக்கு வந்தது. அதற்கு 1.3 வோல்ட் என்ற உச்ச வரம்பை ஏஎம்டி விதித்தது. புதிய பயாஸ் பதிப்புகள் வழியாகவே அது பயனர்களைச் சென்றடைந்தது.

சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தேறவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு படி இறங்குவதால் இழக்கும் வேகம் சில விழுக்காடுதான். கெட்டுப்போன கோப்பை வேறு நகல் இல்லாமல் மீட்க வழியில்லை. குடும்பப் படங்களும் தொழில் கணக்கும் மட்டுமே இருக்கும் கணினிக்கு ஜெடெக் வேகமே போதும்.