பின்னாடி நின்னவன் பேரு

எங்க பெரியப்பா மயிலாப்பூர்க்காரர். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அந்த மேட்சில் ஒரு நாள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர். அதை வைத்து வீட்டுக்கு வரும் பசங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்.

“அந்த மேட்ச ஜெயிச்சுக் குடுத்தது யாருடா?”

“வினூ மன்கட், பெரியப்பா.”

“எத்தன விக்கெட் எடுத்தான்?”

“பன்னெண்டு.”

“அதுல அஞ்சு பேர ஸ்டம்ப் பண்ணி அனுப்பினது யாரு?”

இந்த இடத்தில் எல்லோரும் முழிப்போம். பெரியப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். “பின்னாடி நின்னவன் பேர எவனும் ஞாபகம் வச்சுக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொள்வார். விடையைச் சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

விடை: பிரபீர் சென். ‘கோக்கன்’ சென் என்று கூப்பிடுவார்கள். வங்காளத்து விக்கெட் கீப்பர்.

முதலில் மேட்ச் விவரம். 1952 பிப்ரவரி 6 அன்று தொடங்கிய ஐந்தாவது டெஸ்ட். தொடரில் இங்கிலாந்து 1-0 என்று முன்னிலை. முதல் நாளே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்ததால் மறுநாள் ஓய்வு நாளானது. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 266. மன்கட் 55 ரன் கொடுத்து 8 விக்கெட். இந்தியா பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 என்று 457-க்கு 9 விக்கெட் எடுத்து டிக்ளேர் செய்தது. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 183-க்குச் சுருண்டது. மன்கட் 4, குலாம் அகமது 4. இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வெற்றி. 1932-ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடிய நாடு, 20 வருஷம் காத்திருந்து, தன் 25-வது டெஸ்டில் முதல்முறையாக ஜெயித்தது. அணியில் நம்ம ஊர் சி.டி. கோபிநாத்தும் இருந்தார்.

இப்போது ஸ்கோர்கார்டை இன்னொரு முறை பாருங்கள். முதல் இன்னிங்ஸில் டாம் கிரேவனி 39 ரன்னில் ஸ்டம்ப்டு. கேப்டன் டொனால்ட் கார் 40 ரன்னில் ஸ்டம்ப்டு. இரண்டு பேருமே கால் ஊன்றிவிட்ட ஆட்டக்காரர்கள். அந்த இன்னிங்ஸில் மொத்தம் நான்கு ஸ்டம்பிங், அடுத்ததில் ஒன்று. ஐந்துமே மன்கட் பந்தில், சென் கையால். சென் ஆடியது மொத்தம் 14 டெஸ்ட். அத்தனையிலும் சேர்த்து 11 ஸ்டம்பிங். கிட்டத்தட்ட பாதி, இந்த ஒரே மேட்சில்.

ஸ்டம்பிங் என்பது உண்மையில் இடத்தைப் பற்றிய சண்டை. ஸ்டம்புக்கு முன்னால் நான்கடி தூரத்தில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வரை பேட்ஸ்மேன் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி. கோட்டின் மேலேயே கால் இருந்தாலும் போதாது. உள்ளே ஊன்ற வேண்டும். சுழல் பந்தை ஆட இரண்டு நல்ல வழிகள்: இறங்கி வந்து பந்து திரும்புவதற்குள் அடிப்பது, அல்லது நன்றாகப் பின்வாங்கி, திரும்பியதைப் பார்த்து ஆடுவது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பௌலர் ஜெயித்தார்.

கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்கிறார், அவர் கை நம்பகமானது என்று தெரிந்தால் பேட்ஸ்மேன் இறங்கி வர யோசிப்பார். கீப்பர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் தைரியமாக இரண்டடி இறங்குவார்; அதே பந்து அவருக்கு அரைவாலியாகிவிடும். பௌலர் மாறவில்லை, பிட்ச் மாறவில்லை. பின்னால் நிற்பவரைப் பொறுத்து பந்தின் நீளமே மாறிவிடுகிறது! ஆனால் ஸ்கோர்கார்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. விக்கெட் பௌலர் கணக்கில் ஏறும். தவறவிட்ட ஸ்டம்பிங் யார் கணக்கிலும் ஏறாது.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (அவர்கள் முட்டை வடிவப் பந்தோடு ஆடுவது) ஒரு டீமுக்குள் மூன்று கோஷ்டி உண்டு. தாக்குகிற கோஷ்டி, தடுக்கிற கோஷ்டி, உதைக்கும் சமயத்தில் மட்டும் இறங்குகிற கோஷ்டி. மூன்றாவதற்கு ‘ஸ்பெஷல் டீம்’ என்று பெயர். உள்ளே வருவார்கள், ஒரு உதை, வெளியே போய்விடுவார்கள். ஆனால் எதிரணி தன் கோட்டிலிருந்து 10 கஜத்தில் ஆரம்பிக்கிறதா, 40 கஜத்தில் ஆரம்பிக்கிறதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த உதையும் அதைத் துரத்தி ஓடுகிறவர்களும்தான். இரண்டு டீமும் சம பலம் என்றால் அந்த முப்பது கஜம் திரும்பத் திரும்பச் சேர்ந்து மேட்சையே சாய்த்துவிடும். மறுநாள் பேப்பரில் மட்டும் பந்து வீசியவர், கோல் போட்டவர் பெயர்தான் வரும்.

நம் ஊரில் அந்த மூன்றாவது கோஷ்டி கீப்பரும், பேட்ஸ்மேன் மூக்குக்குக் கீழே நிற்கிற ஃபீல்டர்களும். எழுபதுகளின் இந்திய அணியைப் பற்றிப் பேசினால் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நான்கு ஸ்பின்னர்களைச் சொல்லி நிறுத்திவிடுவோம். 1971 ஆகஸ்டில் ஓவல் டெஸ்டில் இங்கிலாந்து 101-க்கு ஆல் அவுட். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தப் பத்து விக்கெட்டும் எப்படி விழுந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஒன்று போல்ட், ஒன்று எல்.பி.டபிள்யூ. இரண்டு பௌலரே பிடித்த கேட்ச். ஒன்று ரன் அவுட்: நேராக அடித்த பந்து சந்திரசேகர் கையில் பட்டு எதிர்முனை ஸ்டம்பில் மோதியது. மீதி ஐந்தும் மற்றவர்கள் பிடித்த கேட்ச். அதில் ஒன்று ஆலன் நாட் விக்கெட். முதல் இன்னிங்ஸில் 90 அடித்தவர். மறுபடி அவர் நின்றிருந்தால் கதை வேறு. ஒரு ரன் எடுத்திருந்தபோது, நம்ம வெங்கட்ராகவன் போட்ட பந்து பேட்டில் பட்டு லேசாக எழும்ப, ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கர் முன்னால் விழுந்து பிடித்தார். சோல்கர் 27 டெஸ்டில் பிடித்தது 53 கேட்ச். அத்தனையும் ஹெல்மெட் இல்லாத காலத்தில்.

வெங்கட்ராகவன் சென்னைப் பையன், கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர். அவரே நெருங்கி நின்று பிடிப்பதில் கெட்டிக்காரர். ஓவலில் நிலைத்து நின்ற லக்கர்ஸ்டை சந்திரசேகர் பந்தில் பிடித்தது அவர்தான். 156 விக்கெட் எடுத்தவர் என்று நினைவு வைத்திருக்கிறோம். 57 டெஸ்டில் 44 கேட்ச் பிடித்ததை யாரும் சொல்வதில்லை.

மறுபடியும் சேப்பாக்கம் வருவோம். 1988 ஜனவரி, பொங்கல் வாரம். எதிரில் விவியன் ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ். நாங்கள் அப்போது தி.நகரில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு டி.வி.யில்தான் பார்த்தேன். கண்ணாடி போட்ட, 19 வயசு நரேந்திர ஹிர்வானிக்கு அது முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 61-க்கு 8, இரண்டாவதில் 75-க்கு 8. மொத்தம் 136-க்கு 16. அறிமுக டெஸ்டில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. இந்தியா 255 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அறிமுகமான இன்னொருவர் நம்ம டபிள்யூ.வி. ராமன், இரண்டாவது இன்னிங்ஸில் 83 அடித்தார்.

அந்த பிட்ச் மோசமாகத் திரும்பியது. வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் பின்வாங்கி ஆடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சரி, இறங்கி அடித்துவிடலாம் என்று வந்தார்கள். பின்னால் கிரண் மோரே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் ஐந்து ஸ்டம்பிங். அதாவது பாதி டீம்! மேட்சில் மொத்தம் ஆறு. டெஸ்ட் வரலாற்றில் இரண்டுமே சாதனை. மோரே ஆடியது 49 டெஸ்ட், மொத்தம் 20 ஸ்டம்பிங். அதில் ஆறு சேப்பாக்கத்தில், ஒரே மேட்சில். சென்னுக்கு நடந்த அதே கதை, 36 வருஷம் கழித்து அதே மைதானத்தில்.

லெக் ஸ்பின்னுக்குக் கீப்பிங் செய்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பேட்ஸ்மேன் இறங்கி வரும்போது அவர் உடம்பும் பேடும் பந்தை மறைத்துவிடும். பந்து குத்தி எழும் அந்த நொடியில் கீப்பருக்கு எதுவும் தெரியாது. கூக்ளியா, நேர் பந்தா என்று பௌலரின் கையிலிருந்தே படித்திருக்க வேண்டும். சீக்கிரம் எழுந்துவிட்டால் தாழ்வாக வரும் பந்து கைக்கு அடியில் போய்விடும். பந்தோடு சேர்ந்து எழ வேண்டும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே கையை ஸ்டம்புக்குக் கொண்டுபோகிற ஆசையையும் அடக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு காலத்தில் கீப்பர். பந்தோடு எழாத கீப்பர்.

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்தது. பிறகு காலேஜ் டீம். எங்கள் டீமில் ஒரு லெக் ஸ்பின்னர், அடையாறு பையன், என் நெருங்கிய நண்பன். ஒரு முக்கியமான மேட்ச். எதிரணி ஓப்பனர் 12 ரன்னில் இருந்தபோது அவன் போட்ட கூக்ளிக்கு இறங்கி வந்து ஏமாந்தான். கோட்டுக்கு வெளியே ஒரு கஜம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவுட் என்றே முடிவு செய்துவிட்டான். நான் முன்னாடியே எழுந்திருந்தேன். பந்து கிளவுஸின் நுனியில் பட்டு உருண்டது. அந்த ஓப்பனர் அப்புறம் 80-க்கு மேல் அடித்தான். அதற்குப் பிறகு இறங்கி வர அவன் பயப்படவே இல்லை. வந்து வந்து அடித்தான். நண்பனுக்கு விக்கெட்டே இல்லை, 60 ரன்னுக்கு மேல் போயிற்று. அடுத்த மேட்சில் அவனுக்கு இடமில்லை. ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்துத்தானே டீம் எடுப்பார்கள்? அதில் அவன் பெயருக்கு எதிரே எல்லாம் இருந்தது. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. நான் தொடர்ந்து ஆடினேன். கேப்டனிடம் போய் “அது என் தப்பு” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வருஷம், 2025 மார்ச் 23, சேப்பாக்கத்தில் சென்னை–மும்பை மேட்ச். நூர் அகமது பந்துக்கு சூர்யகுமார் யாதவ் இறங்கி வந்தார். பந்து தப்பியது. பேட்டைச் சுற்றி முடிப்பதற்குள் 43 வயது தோனி பெயில்ஸைத் தட்டிவிட்டார். 29 ரன்னில் அவுட். நூருக்கு அன்று 18 ரன்னுக்கு 4 விக்கெட், ஆட்ட நாயகன் விருதும். ஆனால் மைதானம் கத்தியது பின்னாடி நின்றவருக்காக. பெரியப்பா இருந்திருந்தால் அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோக்கன் சென்னுக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அந்த லெக் ஸ்பின்னருக்கு போன் போட்டேன். அடையாறிலேயேதான் இருக்கிறான். மேட்ச் பார்த்தியா, தோனியைப் பார்த்தியா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் கேட்டேன்: “டேய், அந்த ஸ்டம்பிங் ஞாபகம் இருக்கா? நான் விட்டேனே...”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தான்.

“ஒண்ணு இல்லடா, ரெண்டு. ரெண்டாவது நீ மறந்துட்ட.”