அலிபாபா முதல் அலாவுதீன் வரை: ஒரே 'அரபு'க் கதை, இசை மட்டும் ஏன் இவ்வளவு மாறுது?

காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயம்பேட்டை மாதிரி தறி ஊர்களில் ஒரு விஷயம் கவனிக்கலாம். பட்டு நெய்பவருக்குக் கண், கை, கால் மூன்றும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் படத்தைப் பார்க்காமலேயே பாட்டு மனப்பாடம் ஆகிவிடும். 'மாசில்லா உண்மைக் காதலே' அப்படி வாழும் பாட்டு. அது 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துப் பாட்டு என்பது தெரியாமலேயே முணுமுணுப்பவர்கள் உண்டு.

அலிபாபா, அலாவுதீன் இரண்டும் பல மொழிகளில் திரும்பத் திரும்பப் படமான கதைகள். ஒவ்வொரு முறையும் இசை வேறு. யார் என்ன செய்தார்கள்? பார்க்கலாம்.

முதலில், இது அரபுக் கதையா?

இங்கேயே ஒரு ட்விஸ்ட். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரண்டு கதைகளும் இல்லை. பிரெஞ்சுக்காரரான அந்துவான் கலான் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நூலை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப், 1709-ல் பாரிஸில் அவருக்கு இந்தக் கதைகளைச் சொன்னார். கலான் அவற்றையும் தன் தொகுப்பில் சேர்த்துவிட்டார்.

அந்தப் பிரெஞ்சு வடிவத்தில் அலாவுதீன் வாழ்வது சீனாவில்! அதனால் 'இந்தக் கதைக்கு இதுதான் அசல் இசை' என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஓர் 'அரேபியா'வைக் கட்டினார்கள்.

சேலத்தில் உருவான அலிபாபா (1956)

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர்.சுந்தரம் தயாரித்து இயக்கிய படம். எம்.ஜி.ஆர், பானுமதி ஜோடி. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக அறியப்படுவது இதுதான். இசை எஸ்.தட்சிணாமூர்த்தி, பாடல்கள் மருதகாசி.

இதற்கு முன்மாதிரி, ஹோமி வாடியா இயக்கி 1954-ல் வந்த இந்திப் படம். அதற்கு இசை எஸ்.என்.திரிபாதியும் சித்ரகுப்தும். ஏ.எம்.ராஜாவும் பானுமதியும் பாடிய 'மாசில்லா உண்மைக் காதலே' மெட்டு அந்த இந்திப் படத்திலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் இந்தி மெட்டுக்குத் தமிழ் வரிகள் எழுதுவது சகஜம்.

அப்படியானால் இது வெறும் காப்பியா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மெட்டு பம்பாயிலிருந்து வந்தது. அதற்கு மருதகாசியின் சொல்லும் ராஜாவின் மென்மையான குரலும் சேர்ந்தபோது அது தமிழ்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் மெட்டுக்குச் சொந்தக்காரர்களான திரிபாதி, சித்ரகுப்த் பெயர்கள் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு ஊர் கடந்து வந்தது, பெயர் பின்தங்கிவிட்டது.

இன்னொன்று. அலிபாபா கதைக்குள்ளேயே இசை இருக்கிறது. பணிப்பெண் மார்ஜியானா விருந்தில் ஆடிக்கொண்டே திருடர் தலைவனைக் குத்திக் கொன்று வீட்டைக் காப்பாற்றுவாள். ஆக, இந்தக் கதையில் நடனம் என்பது ஆயுதம். பாட்டும் ஆட்டமும் நிறைந்த நம் ஊர் சினிமாவுக்கு இந்தக் கதை கச்சிதமாகப் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை.

தெற்கின் அலாவுதீன்கள் (1957, 1979)

1957-ல் நாகேஸ்வர ராவ், அஞ்சலி தேவி நடித்த அலாவுதீன் படம் தெலுங்கு, தமிழ், இந்தி என மூன்று மொழிகளில் வந்தது. இசையில் எஸ்.ராஜேஸ்வர ராவின் பங்கு உண்டு.

1979-ல் ஐ.வி.சசி இயக்கிய 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. கமல், ரஜினி இருவரும் இருந்தார்கள். இசை ஜி.தேவராஜன், மலையாளத் திரையிசையின் பெரிய ஆளுமை. இந்த இரண்டு படங்களிலும் இசையமைப்பாளர்கள் தென்னிந்தியர்கள். கதை பாக்தாத் பக்கம் நடந்தாலும் பாட்டு நம் ஊர்ப் பாட்டுதான்.

தாஷ்கண்ட் வழியாக ஒரு அலிபாபா (1980)

இந்தியாவும் சோவியத் யூனியனும் சேர்ந்து எடுத்த படம். தர்மேந்திரா, ஹேமமாலினி நடிப்பு. உஸ்பெகிஸ்தானின் உஸ்பெக்ஃபிலிம் ஸ்டுடியோ கூட்டு. பாடல்கள் ஆர்.டி.பர்மன். இசையில் சோவியத் இசையமைப்பாளர் விளாதிமிர் மிலோவ் பெயரும் உண்டு. ஒரே படத்தில் பம்பாயின் ஆட்டப் பாட்டும் சோவியத் இசையும் பக்கத்துப் பக்கத்தில்.

டிஸ்னி என்ன செய்தது? (1992, 2019)

1992 அனிமேஷன் படத்துக்கு இசை ஆலன் மென்கென். பாடல் எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் 1991-ல் இறந்துவிட, மீதியை டிம் ரைஸ் எழுதினார். சிறந்த இசை, சிறந்த பாடல் என இரண்டு ஆஸ்கர்.

இதில் பூதத்தின் பாட்டைக் கேளுங்கள். அரேபியச் சாயலே இருக்காது, சுத்தமான பழைய அமெரிக்க ஜாஸ். அதாவது ஹாலிவுட்டும் நம் ஊர் ஆட்கள் செய்ததையேதான் செய்தது. கதை வெளியூர், பாட்டு சொந்த ஊர்.

ஆனால் தொடக்கப் பாட்டில் சிக்கல் வந்தது. பிடிக்காதவர் காதை அறுக்கும் நாடு என்ற பொருளில் ஒரு வரி. அமெரிக்க அரேபியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1993-ல் வீடியோவாக வந்தபோது அந்த வரி மாற்றப்பட்டது. 'காட்டுமிராண்டித்தனம்' என்ற பொருள் தரும் சொல் மட்டும் அப்படியே நின்றது. அதை 2019 படத்தில்தான் மாற்றினார்கள். அந்தப் படத்தில் இளவரசி ஜாஸ்மினுக்குத் தனிப் பாட்டும் கிடைத்தது, வாயடைக்க மாட்டேன் என்று சொல்லும் பாட்டு.

'அரபு சத்தம்' என்பது எது?

ஹாலிவுட்டில் பாலைவனம், ஒட்டகம் காட்டினால் ஒரு மெட்டு வருமே, கவனித்திருப்பீர்கள். அதன் ரகசியம் ஒரு சுர இடைவெளி. அரபு இசையில் 'ஹிஜாஸ்' என்று ஒரு மகாம் உண்டு. மகாம் என்பது நம் ராகம் மாதிரி. ஹிஜாஸில் ச-வுக்கும் ரி-க்கும் இடைவெளி குறைவு, ரி-க்கும் க-வுக்கும் ஒரு பெரிய தாவல்.

அட, இது நமக்குத் தெரிந்ததாச்சே! கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தை முதல் நாள் பாடும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில்தான். அதிலும் இதே ரி, இதே க. விடியற்காலையில் நாதஸ்வரத்தில் கேட்கும் பௌளியிலும் இதே தாவல் உண்டு. ஹாலிவுட்டுக்கு எங்கோ இருக்கும் மர்ம தேசம் என்று காட்டும் அடையாளப் பலகை, நமக்கு விடியலின் ஒலி.

சுருக்கமாக

- 1956 தமிழ்: பம்பாய் மெட்டு, தமிழ்ச் சொல், காலம் கடந்த பாட்டு
- 1979 தமிழ்-மலையாளம்: தேவராஜன் இசை
- 1980 இந்தி-ரஷ்யன்: ஆர்.டி.பர்மன் பாட்டு, இசையில் மிலோவும்
- 1992, 2019 டிஸ்னி: 'அரபு'த் தொடக்கம், அமெரிக்க ஜாஸ், திருத்தப்பட்ட வரிகள்

இதில் நமக்கு என்ன?

எந்த இசை 'உண்மையான அரபு இசை' என்று மார்க் போடுவதில் அர்த்தம் இல்லை, எதுவுமே அப்படி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பாட்டு கதையில் இருக்கும் மனிதர்களை நம்மில் ஒருவராகக் காட்டுகிறதா, இல்லை வேடிக்கைப் பொருளாகக் காட்டுகிறதா? சேலத்து அலிபாபா காதலித்தபோது யாரும் அவரை வெளிநாட்டுக்காரராக நினைக்கவில்லை. டிஸ்னியின் தொடக்கப் பாட்டை முழுசாகத் திருத்த 27 வருஷம் ஆனது.

அடுத்த முறை குழந்தைகளோடு அலாவுதீன் பார்க்கும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். தறியில் உட்கார்ந்தவர் கேட்கிற மாதிரி, காதால் மட்டும்.