ஓர் இராத்தல் தானியம்
தாது ஆண்டுப் பஞ்சமும் குடிமக்கள் வழங்கிய தீர்ப்பும்

அவசரமாகச் சோறு உண்ணும் பிள்ளையைப் பார்த்து, “தாது வருசத்துல அடிபட்டவனாட்டம் அள்ளிப் போடாதே, மெல்லத் தின்னு” என்று என் பாட்டி கடிந்துகொள்வதுண்டு. பாட்டி அந்தப் பஞ்சத்தைக் கண்டவரல்லர். தம் பாட்டியிடம் கேட்டவர். ஆட்சியாளர் பெயரோ ஆங்கில ஆண்டோ அவருக்குத் தெரியாது. எனினும் நூற்றாண்டு கடந்து ஒரு சொல் அவர் நாவில் வாழ்ந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஏடுகளையும் ஆவணங்களையும் தேடி அலைந்த நாள்களில், இத்தகைய சொற்களை “வெறும் வாய்வழக்கு” என ஒதுக்கிய பிழையை நானும் செய்தேன். அப்பிழைக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

ஆங்கில அரசு வரி வாங்கியது. வாங்கிய பணத்தைத் தன் விருப்பப்படி செலவிட்டது. அச்செலவைப் பற்றி உழவரும் நெசவாளரும் கூலியாளரும் என்ன நினைத்தனர்? அன்று அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் சார்பில் பேசச் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவும் இல்லை. ஆதலின், குடிமக்களுக்குக் கருத்தே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது என்பதற்கு 1876 முதல் 1878 வரை நிலவிய தாது ஆண்டுப் பஞ்சமே சான்று.

பஞ்சமும் கருவூலமும்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியும் மைசூரும் தக்காணமும் பஞ்சத்தில் வீழ்ந்தன. அந்நாளில் திருப்பூரும் பல்லடம் தாலுகாவுக்குள் அடங்கிய ஊராகவே இருந்தது. கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த, கிணற்றையும் வானத்தையும் நம்பிய மேட்டுநிலம் இது. கிணறு வற்றினால் ஏற்றம் நிற்கும். ஏற்றம் நின்றால் அடுப்பு அணையும். தாது ஆண்டில் தொடங்கிய துயரம் ஈசுவர ஆண்டிலும் தொடர்ந்தது.

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். மாகாண அரசு நிலைமையின் கடுமையை உணர்ந்து, வணிக நிறுவனம் ஒன்றின் வாயிலாகச் சுமார் 30,000 டன் தானியத்தை வாங்க முற்பட்டது. அரசே தானியம் வாங்குவது சுதந்திர வணிகக் கொள்கைக்கு முரணானது என்று கூறி, வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு அதனைக் கண்டித்து நிறுத்தியது. 1877 சனவரி முதல் நாளன்று டில்லியில் தர்பார் கூடி, விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தது. விழாவுக்குப் பணம் இருந்தது. தானியத்துக்குத்தான் சிக்கனம் தேவைப்பட்டது.

அச்சிக்கனத்தை நடைமுறைப்படுத்த அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். அவர் வரலாறு விந்தையானது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து மக்களைக் காத்தவர் அவரே. அங்குச் சாவு மிகக் குறைவு. ஆனால் அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, “ஊதாரி” என்னும் பழியே. அப்பழியைத் துடைக்கும் வாய்ப்பாகத் தென்னாட்டுப் பணி அவருக்கு அமைந்தது. பஞ்ச நிவாரண வேலை செய்வோர்க்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் அதன்மேல் சில்லறைக் காசும் கூலியாகப் போதும் என்று அவர் வகுத்தார். ஓர் இராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டு மண் சுமக்க வேண்டும். கல் உடைக்க வேண்டும்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இராத்தல் தானியமேனும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சிறைக் கைதிக்கு அரசு வழங்கிய உணவைக் காட்டி அவர் வழக்காடினார். குற்றம் புரிந்தவனுக்குக் கிடைத்த அளவு, குற்றமற்ற உழவனுக்குக் கிடைக்கவில்லை.

கால்கள் கூறிய கருத்து

குடிமக்களின் முதல் தீர்ப்பு சொல்லால் அமைந்ததன்று, நடையால் அமைந்தது. பம்பாய் மாகாணத்தில் குறைந்த கூலியை ஏற்க மறுத்துப் பல்லாயிரவர் நிவாரண வேலைக் களங்களை விட்டு வெளியேறினர். பசித்திருந்தவர்களே கிடைத்த கூழையும் துறந்து நடந்தனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பூனாவின் சார்வஜனிக சபை அவர்களுடைய நிலையை அரசுக்கு எழுதிக் காட்டியது. சென்னை மாகாணத்திலோ டெம்பிளின் சுற்றுப்பயணத்தை ஒட்டி இலட்சக்கணக்கானோர் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

அதிகாரிகள் இவ்வெளியேற்றத்தை எவ்வாறு பொருள் கொண்டனர்? வேலைக்கு வராதவர்க்கு உதவி தேவையில்லை, அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது என்று கொண்டனர். ஆவணங்களை மட்டும் கற்கும் ஆய்வாளரும் அவ்வாறே கொள்ள நேரும். “வந்தோர் தொகை குறைந்தது” என்னும் ஒரு வரி, அரசின் கணக்கில் சேமிப்பு. நடந்து போனவர் கணக்கில் அது மறுப்பு. ஒரே எண்ணுக்கு இரு பொருள் உண்டு என்பதை உணர்ந்தாலன்றி மக்கள் வரலாறு நமக்கு வசப்படாது.

பாட்டில் எழுதிய கணக்கு

இரண்டாவது தீர்ப்பு பாட்டில் இருக்கிறது. சிந்தும் கும்மியும் சிறு நூல்களாக அச்சேறிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற காலம் அது. பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட கும்மிகள் பல தோன்றின. மறைந்த புலவர் செ. இராசு அவர்கள் பஞ்சக் கும்மிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தமைக்குக் கொங்குநாடு என்றும் கடப்பாடுடையது. எந்தத் தானியம் என்ன விலைக்கு ஏறியது, எதை விற்றனர், எதை உண்டனர், யார் யாரைக் கைவிட்டனர் என்பனவே இவ்வகைப் பாடல்களின் பொருள். யாப்பில் குறை காண்பவர் காணட்டும். அரசின் அறிக்கை சராசரி விலையைக் கூறும். கும்மி பாடுபவர் தம் ஊர்ச் சந்தையின் விலையைக் கூறுகிறார். அவர் கவிஞர் மட்டுமல்லர். கேட்பாரற்றோரின் கணக்கரும் ஆவார்.

புலமை மரபினரும் வாளாவிருக்கவில்லை. சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றிய ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ இப்பஞ்சத்தை அடிப்படையாகக் கொண்ட அங்கத நூல். பஞ்சத்தில் வாடிய மக்களைக் காக்குமாறு மதுரைச் சொக்கநாதப் பெருமானே சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்தது அது. நகைச்சுவை நூல் என்று இதனைப் பாராட்டிக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். நாட்டை ஆண்டது ஆங்கில அரசு. வரி பெற்றதும் அதுவே. இறைவன் எழுதிய ஓலையோ ஆளுநருக்குப் போகவில்லை, வைசிராய்க்கும் போகவில்லை. முறையிடத் தகுந்த இடம் எது, தகாத இடம் எது என்பதில் புலவர்க்கு ஒரு தெளிவு இருந்தது என்றே நான் கொள்கிறேன். பெயர் குறிக்காமை அங்கே ஒரு கண்டனம்.

மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோரைக் காத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடிப் போற்றினார். ஒரு தனிமனிதரின் கொடையைக் கவிஞர் கொண்டாடும்போது, கொடுக்கக் கடமைப்பட்ட பெரும் கருவூலத்தின் வறுமையும் உடன் புலனாகிறது.

ஆங்கிலேயரும் ஒரே குரலினர் அல்லர்

இங்கு ஒரு நடுநிலை தேவை. வெள்ளையர் அனைவரும் கொடியவர், நம்மவர் அனைவரும் நல்லவர் என எழுதினால் அது வரலாறு ஆகாது. தானியத்தைப் பதுக்கி விலையேற்றம் கண்டு மகிழ்ந்த வணிகர் நம்மவரே. கூலிக் குறைப்பை எதிர்த்த கார்னிஷும், ‘மெட்ராஸ் டைம்ஸ்’ இதழாசிரியராக இருந்து பஞ்சத்தின் வரலாற்றை 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட வில்லியம் டிக்பியும் ஆங்கிலேயரே. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து உதவி வேண்டுகோள் சென்றபோது இலண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி திரட்டப்பட்டது. எளிய ஆங்கிலக் குடிமக்களும் பொருள் ஈந்தனர். ஆளும் நாட்டின் குடிமக்களிடம் இருந்த இரக்கம், அவர்களுடைய அரசின் வரவுசெலவுக் கணக்கில் இடம்பெறவில்லை என்பதே உண்மை.

எண்களும் பேசுகின்றன. கோயமுத்தூர் மாவட்ட மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 17 இலட்சத்து 63 ஆயிரம். 1881இல் 16 இலட்சத்து 57 ஆயிரம். பத்தாண்டில் பெருக வேண்டிய தொகை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. ஆங்கில இந்தியாவில் மட்டும் இப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று அரசு அமைத்த பஞ்சக் குழுவே பின்னர்க் கணித்தது.

காப்புநிதி சென்ற வழி

பஞ்சம் ஓய்ந்ததும் அரசு ஒரு வாக்குறுதி தந்தது. இனி வரும் பஞ்சங்களை எதிர்கொள்ள ஆண்டுக்கு 1½ கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்பது அது. இதற்கென 1878இல் புதிய வரிகள் வந்தன. சென்னை மாகாணத்தில் வணிகரும் தொழில் செய்வோரும் உரிமவரி செலுத்த நேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆப்கானியப் போர் மூண்டது. பஞ்சக் காப்புக்கெனப் பெற்ற வரி நின்றபாடில்லை. ஒதுக்கீடு மட்டும் நின்றது. பசிக்கு வாங்கிய பணம் படைக்குப் போயிற்று.

1880இல் பஞ்சக் குழுவின் அறிக்கையும், அதன்வழிப் பஞ்ச விதித்தொகுப்புகளும் வந்தன என்பதை மறைத்தலாகாது. எனினும் அவ்விதிகளுக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

இக்காலத்தில்தான் குடிமக்களின் மனக்குறை அச்செழுத்தில் ஏறத் தொடங்கியது. 1878இல் ‘தி இந்து’வையும், 1882இல் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கியவருள் முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாடு இராணுவச் செலவைப் பெருக்குவதை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. இந்தியச் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் 1897இல் இலண்டனில் சாட்சியம் அளித்த இந்தியருள் சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். தாது ஆண்டில் கூலி மறுத்து நடந்தவரின் பேரக் குழந்தைகள் தவழும் காலத்தில், “எங்கள் வரியை எதற்குச் செலவிட்டீர்கள்?” என்னும் வினா ஆள்வோரின் தலைநகரிலேயே எழுந்தது. அவ்வினாவை முதலில் கேட்டவர் பட்டம் பெற்றோர் அல்லர். பெயர் தெரியாத கும்மிப் பாடகர் அவர்க்கு முந்தியவர்.

நமக்குரிய பணி

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்கிறது. மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கிறோம். புதிய நூல்களைப் பற்றி உரையாடுகிறோம். நம்மைச் சுற்றித் தறிகள் ஓடுகின்றன. பனியன் ஆலைகளின் பேருந்துகள் விடியுமுன் ஆள் ஏற்றிச் செல்கின்றன. வறண்ட நிலத்தின் நினைவு விரைந்து மறைந்து வருகிறது. உறுப்பினர் இல்லங்களிலும் உறவினர் ஊர்களிலும், பரண்மேலும் தகரப்பெட்டியிலும், பழைய கும்மி நூலோ கையெழுத்துப் படியோ இருக்கக்கூடும். எழுபது எண்பது வயது கடந்த ஆத்தாக்கள் நாவில் ஓரடி ஈரடி எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை இவ்வாண்டிலேனும் திரட்டுவோம். பிழை திருத்தாமல், பேச்சு வழக்கை மாற்றாமல், சொன்னவர் ஊரும் நாளும் குறித்து எழுதி வைப்போம்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ச் சந்தையின் விலையை ஒரு வரியிலேனும் எழுதுங்கள். நூறாண்டுக்குப் பின் வரும் ஆய்வாளர், அரசின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு மறுகணக்கு எங்கே என்று தேடுவார். என் பாட்டி ஒரு வசைமொழியில் அதனைக் காத்து வைத்திருந்தார். சோற்றுத் தட்டின் முன் அதைக் கேட்டு வளர்ந்தும், அது வரலாறு என்று அறிய எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.