சோடிப் படத்தின் கதை

திருமணம் நிச்சயமானதும் மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன்னரே படப்பிடிப்பாளரைப் பதிவு செய்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. இலங்கையில் இதனைப் 'பிரீ ஷூட்' என்று அழைக்கிறார்கள். கொழும்பாயினும் யாழ்ப்பாணமாயினும் ரொறன்ரோவாயினும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். எந்த இடம், காலை வெயிலா மாலை வெயிலா, பெண்ணின் சேலைக்கு மாப்பிள்ளையின் சட்டை பொருந்துகிறதா, எத்தனை உடைமாற்றம் என்றெல்லாம் பட்டியல் தயாராகிறது. காலிக் கோட்டை மதிலும் நுவரெலியாத் தேயிலைச் சரிவும் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையும் இந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுகின்றன.

"தாலி ஏறுமுன் தோளில் கைபோட்டு ஒரு படமா?" என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பதையும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அவர்களது சங்கடம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் படம் பிடிக்கப்படும் நாளுக்காக ஆயத்தமாவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த ஆடம்பரம் அன்று. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நமது சமூகத்துக்கென்று ஒரு தனி அத்தியாயமும் உண்டு.

ஒளிப்படக்கலையின் செய்முறை 1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி பாரிசில் பகிரங்கப்படுத்தப்பட்டது. அதற்கு ஆறு மாதங்களின் பின்னர், 1840 பெப்ரவரியில், விக்டோரியா மகாராணியின் திருமணம் நடைபெற்றது. அத்திருமணத்துக்கு ஒளிப்படம் கிடையாது. மகாராணியும் இளவரசர் அல்பேர்ட்டும் அரசவை உடையில் சோடியாக நிற்கும் படங்கள் றோஜர் பென்ரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளரால் 1854இல், அதாவது திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர் எடுக்கப்பட்டவை. அவற்றைத் திருமணப் படம் என்றே இன்றும் பலர் எடுத்துக் காட்டுகின்றனர். திருமண நாளுக்கும் படம் பிடிக்கும் நாளுக்கும் இடையில் இப்படியொரு இடைவெளி தொடக்கத்திலேயே இருந்தது. இன்றைய தம்பதியர் முன்கூட்டியே எடுக்கிறார்கள். அன்றையோர் பின்னர் எடுத்தார்கள்.

இலங்கைக்கு இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. பிரெடரிக் பீபிக் என்பவர் 1852ஆம் ஆண்டளவில் இங்கு எடுத்து, கையால் வர்ணம் தீட்டிய படங்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற நிறுவனங்களும் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் கொழும்பில் பெயர் பெற்றிருந்தன. உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

களுத்துறையில் இருந்த அவரது வீட்டுக்கு 1877இல் மரியான் நோர்த் என்ற ஓவியர் விருந்தாளியாக வந்தார். அவரைப் படம் எடுப்பதற்குக் கமரன் அம்மையார் செய்த ஆயத்தங்களை நோர்த் தமது நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கிறார். கம்பளித் துணியைப் போர்த்திவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தலையிலே குத்தும் தென்னோலைகளுக்கு நடுவில் நிறுத்தினாராம். உச்சி வெயில் ஓலை இடுக்கால் கண்ணிற் படுகிறது. வெப்பம் 96 பாகை பரனைற். அந்த நிலையில் மிக இயல்பாக இருக்கும்படி அம்மையார் கட்டளையிட்டாராம். கடற்கரையில் ஈரச் சேலையோடு நிற்கும் மணப்பெண்ணிடம் "சும்மா நோர்மலாக நில்லுங்கோ" என்று இன்று சொல்லும் இளைஞருக்குக் களுத்துறையிலேயே ஒரு முன்னோடி இருந்திருக்கிறார்.

பழைய சோடிப் படங்களில் ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை என்று இளையவர்கள் கேட்பார்கள். கூச்சமும் மரியாதையும் ஒருபுறமிருக்க, கருவியும் ஒரு காரணம். ஆரம்ப காலத்தில் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். பின்னர் அது விநாடிகளாகக் குறைந்தது. தலை ஆடாதிருக்கப் பின்னால் இரும்புப் பிடி ஒன்றைப் பொருத்துவார்கள். அவ்வளவு நேரம் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருக்க யாரால் முடியும்? விநாடியின் சிறு பகுதியில் படம் எடுக்க முடிந்த பின்னரும், படமென்றால் இறுகிய முகந்தான் என்ற பழக்கம் நெடுங்காலம் விட்டுப் போகவில்லை.

உடைக்கும் அவ்வாறே. பழைய தட்டுகளும் பிலிம்களும் நீல ஒளியை நன்கு வாங்கும். சிவப்பு ஒளியைக் காணமாட்டா. எனவே சிவப்புக் கூறைச் சேலை கறுப்பாகவும், நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகவும், வெளிர்நீலம் வெண்மையாகவும் பதிந்தன. நமது மண்ணிற மேனி உள்ளதிலும் கருமையாகப் பதிந்தது. ஸ்ரூடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்போடு பவுடர் தகரமும் இருந்ததற்கு வெள்ளைத்தோல் மோகம் மட்டுமன்றி, இந்த இரசாயனக் குறைபாடும் காரணமாகும். எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய பின்னரும் பவுடர் தகரம் மட்டும் இடம்பெயரவில்லை. பவுடரால் ஆகாததைப் பென்சில் செய்தது. எதிர்ப்படத் தட்டில் கூரிய பென்சிலால் நுணுக்கமாகக் கறுப்பிட்டால், அச்சிடும்போது அந்த இடம் வெளுக்கும். தழும்பும் சுருக்கமும் அப்படித்தான் மறைந்தன. இன்று கணினியில் செய்வதை அன்று சன்னலோரத்தில் ஒரு மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்தார்.

யாழ்ப்பாணத்தில் நிச்சயதார்த்தத்துக்குச் சோடிப் படம் எடுக்கும் வழக்கம் முன்னர் இருந்ததில்லை. குறிப்புப் பொருந்தி, சீதனம் பேசி முடிந்த பின்னரும் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதே அபூர்வம். எடுக்கப்பட்டது பெண்ணின் தனிப் படமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குப் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் வேலைக்குச் சென்ற நமது இளைஞர்களுக்குக் கலியாணம் பேசப்பட்ட காலத்தில், அந்தப் படம் கடிதத்துக்குள் இருந்து கப்பல் ஏறியது. அதே காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யப்பானியரும் படத்தைப் பார்த்தே மணம் முடித்தார்கள். 'படமணப்பெண்' என்றே அப்பெண்களை அழைத்தார்கள். 1920இல் யப்பான் அரசு அத்தகைய மணப்பெண்கள் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் செல்லக் கடவுச்சீட்டு வழங்குவதை நிறுத்தும் வரை அம்முறை நீடித்தது.

நமது வீடுகளில் பெண்ணின் படம் வெளியே போவது மானப் பிரச்சினையாகக் கருதப்பட்டது. சம்பந்தம் பொருந்தாவிட்டால் குறிப்போடு படத்தையும் திருப்பி அனுப்புவது பண்பு. திரும்பி வராத படத்தை நினைத்து உறக்கமிழந்த தாய்மார் இருந்தார்கள். அந்தப் படத்துக்கான ஆயத்தம் முழுவதும், காணாத ஒருவரின் கண்ணுக்கான ஆயத்தம். அவர் என்ன நினைப்பார் என்று ஒரு வீடே கூடி யோசித்துச் சேலையைத் தெரிவு செய்தது. படம் பிடிக்கப்பட்ட பெண்ணிடம் அவளது விருப்பத்தைக் கேட்டவர் சிலரே என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும்.

சோடிப் படம் கலியாணத்தின் பின்னர் வந்தது. புதுத் தம்பதியர் பட்டணத்துக்குச் சென்று, திரைச்சீலையில் தீட்டிய மாளிகைத் தூண்களுக்கு முன்னால், அவர் கதிரையில் அமர, அவள் அருகில் நிற்க எடுக்கப்படும் படம் அது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அதுவரை படமே எடுத்திராத கிராமத்தவர்களும் ஸ்ரூடியோப் படி ஏறினார்கள். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் நிறப்படம் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் படத்தை அச்சிட உலோகத்தில் 'புளொக்' செய்ய வேண்டும். மரண அறிவித்தலுடன் வருவோர் உறையிலிருந்து பெரும்பாலும் ஒரு கலியாணப் படத்தையே எடுத்து நீட்டுவார்கள். வாழ்நாளில் அந்த மனிதர் முறையாகப் படம் எடுத்தது அந்த ஒருநாள் மட்டுமே. அருகில் நிற்பவரை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடுவோம். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் தோளோரத்தில் ஒரு சேலைத் தலைப்போ கழுத்தில் மாலையின் ஓரமோ எஞ்சிவிடும். அறுபது வயதில் இறந்தவர் இருபத்தைந்து வயது முகத்தோடு பத்திரிகையில் வெளியானதற்குக் காரணம் இதுவே.

1983 யூலைக்குப் பின்னர் புலம்பெயர்வு பெருகியபோது சோடிப் படத்துக்கு மற்றொரு பார்வையாளர் வந்து சேர்ந்தார். அவர் விசா அதிகாரி. பிரித்தானியாவில் அக்காலத்தில் 'முதன்மை நோக்க விதி' என்றொரு குடிவரவு விதி இருந்தது. திருமணத்தின் முதன்மை நோக்கம் அந்நாட்டுக்குள் நுழைவதன்று என்பதை விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்றது அவ்விதி. 1997 யூனில் அது நீக்கப்பட்டது. கனடாவில் நிச்சயிக்கப்பட்ட துணையை அழைக்கும் தனிப்பிரிவு 2002 யூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்துடன் இல்லாது போயிற்று. அதன்பின் முதலில் எழுத்து, பிறகு விண்ணப்பம் என்றாயிற்று. நமது திருமணப் பதிவுக்கு 'எழுத்து' என்ற பெயர் ஏற்கனவே இருந்தது. அந்த எழுத்தைப் படத்தாலும் நிரூபிக்க வேண்டிய காலம் வந்தது.

உயர்ஸ்தானிகராலயத்துக்கு அல்பத்தைக் கொண்டு செல்வதற்காகவே மோதிரம் மாற்றும் காட்சியும் கையொப்பமிடும் காட்சியும் தவறாமல் எடுக்கப்பட்டன. இரு வீட்டாரும் ஒரே படத்தில் நிற்பதைக் கவனித்துக்கொண்டார்கள். உறவினர் குறைவாகத் தெரிந்தால் கலியாணம் பொய்யென்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சியவர்களை அறிவேன். மெய்யான ஒரு மகிழ்ச்சியை மெய்யென்று நிரூபிப்பதற்காக ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

இன்றைய முன்கூட்டிய படப்பிடிப்புக்கு நேர் மூதாதை கிழக்காசியாவில் இருக்கிறது. தாய்வானில் 1980களிலும் 90களிலும் மணமக்களுக்கு உடை, ஒப்பனை, படம், அல்பம் யாவற்றையும் ஒரே இடத்தில் வழங்கும் நிலையங்கள் பெருகின. தலைநகர் தாய்ப்பேயில் ஒரு வீதி முழுவதும் அத்தகைய கடைகள் நிறைந்திருந்தன. அங்கு அல்பம் திருமணத்துக்கு முன்னரே தயாராகி விருந்து மண்டபத்து வாசலில் விருந்தினர் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவ்வழக்கம் எண்ணிமக் கமராவும் சமூக வலைத்தளமும் வந்தபின் உலகெங்கும் பரவியது.

இளைய தலைமுறை மகிழ்ச்சியோடு செய்யும் இந்த ஆயத்தத்தை நான் பரிகசிக்க மாட்டேன். நமது பெண்கள் காணாத ஒருவருக்காகவோ விசா அதிகாரிக்காகவோ அன்றித் தமக்காகவே, தாம் தெரிந்த சேலையில், பற்கள் தெரியச் சிரித்து நிற்கும் முதற் படங்கள் இவைதாம். ஆனால் படத்துக்கு ஒரு நாள் உண்டு, அதன் பின்னரும் ஒரு வாழ்வு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியது. இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அடையாள அட்டையும் காணி உறுதியும் எடுத்தவர்கள் பலர். அல்பத்தை எடுத்தவர்கள் சிலர். கனமான அல்பம் கையிலுள்ள குழந்தையோடு போட்டியிட முடியாது. அடுத்த ஆண்டு திரும்பிவந்தபோது மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களைக் கண்டதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிலர் வெளிநாட்டிலுள்ள சகோதரனுக்கு எப்போதோ அனுப்பிய ஒரு பிரதியைத் திரும்பப் பெற்றார்கள். விசாவுக்காக எடுத்த கூடுதல் பிரதி சில குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே பிரதியாயிற்று.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அவர்களது கைகளில் இருந்தவை படங்கள். அவற்றைக் கூர்ந்து பார்த்தால் பத்திரிகை அலுவலகத்தில் நான் பல ஆண்டுகள் கண்ட அதே அடையாளம் தெரியும்: தோளோரத்தில் வெட்டப்பட்ட ஒரு சேலைத் தலைப்பு, கழுத்தில் மாலையின் ஓரம். மகிழ்ச்சியான ஒருநாளுக்காகத் தலைவாரி, பவுடர் பூசி, படப்பிடிப்பாளர் சொன்ன பக்கம் திரும்பி நின்ற ஒருவரின் முகம் "இவர் எங்கே?" என்று ஓர் அரசிடம் கேட்கும் கேள்வியாகிவிட்டது. வெட்டப்பட்ட மறுபாதியில் நின்றவளே அந்தப் படத்தை ஏந்தியிருந்தாள்.

ஆகவே படப்பிடிப்புக்கு நாள் குறித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலின் கடைசியில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் பத்தையாவது நல்ல தாளில் அச்சிடுங்கள். தொலைபேசி தொலையும், கடவுச்சொல் மறக்கும், நிறப்படத்தின் சாயமும் காலப்போக்கில் மங்கும். ஒரே இடத்தில் வைத்த எதுவும் பாதுகாப்பானதன்று என்பது நாம் பட்டறிந்த பாடம். இரு வேறு வீடுகளில், முடிந்தால் இரு வேறு நாடுகளில், ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். தாத்தா, பாட்டியோடு தனியே ஒரு படம் எடுங்கள். அவர்களுக்கு நல்லதொரு படம் இல்லாமலிருக்கலாம். படத்தின் பின்புறத்தில், அமுக்கி எழுதாமல், மென்மையான பென்சிலால் நிற்பவர்களின் முழுப்பெயர், ஊர், திகதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பெயரில்லாத எத்தனையோ அழகான முகங்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. இவர்கள் யாரென்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருக்கிறார்கள்.