யானைக்குக் கொடுத்த வேர்: ரெசர்பின் பிறந்த கதை

கோவில்பட்டிப் பக்கம் பாம்பு, கீரிச் சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "கடிபட்ட கீரி ஓடிப் போயி ஒரு பச்சிலையத் தின்னுட்டு வந்து, மறுபடி சண்டைக்கு நிக்கும்." எந்தப் பச்சிலை என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். வடநாட்டிலும் இதே கதை உண்டு. அங்கே அவர்கள் காட்டும் செடி சர்ப்பகந்தா.

அது நம் கரிசலில் முளைக்கிற செடி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலை அடிவாரத்திலும் ஈரமும் நிழலும் உள்ள காட்டில் வளர்வது. முழங்கால் உயரம், கணுவுக்கு மூன்று இலை, சிவந்த காம்பில் வெள்ளைப் பூ, பழுத்தால் கருநீலக் காய். வேர் பாம்பு போல வளைந்து நெளிந்து கிடக்கும். வாயில் வைத்தால் கடும் கசப்பு. பாம்பு விஷத்தை அது முறிப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் கொந்தளிக்கிற மனசை அடக்கும் என்பது பீகார் சந்தைகளில் எல்லாருக்கும் தெரியும். அங்கே அதன் பெயரே 'பாகல் கீ தவா', அதாவது பைத்திய மருந்து.

ஹிமாலயா மருந்து நிறுவனம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்வதும் இந்த வேரின் கதைதான். அதைத் தொடங்கிய எம். மனால் 1930ல் பர்மாக் காட்டுக்குப் போனபோது, முரண்டு பிடிக்கிற யானைகளுக்குப் பாகர்கள் இந்த வேரைக் கொடுத்து அடக்குவதைக் கண்டாராம். அதிலிருந்து 1934ல் 'செர்பினா' மாத்திரை வந்தது.

அதற்குள் கல்கத்தா முந்திக்கொண்டது. 1931ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெய்ன் வரை, அதாவது 2 கிராமுக்குள், நாளுக்கு இருவேளை கொடுத்தால் தூக்கம் வருகிறது, வெறி தணிகிறது, ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். 1949ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் ரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது.

1952ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தார் வேரின் சாரத்தை ஒற்றைப் பொருளாகப் பிரித்தார்கள். அதுதான் ரெசர்பின். கிராம் கணக்கில் விழுங்கிய பொடி செய்த வேலையை இது கால் மில்லிகிராமில் செய்தது. 1954ல் நியூயார்க் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் க்லைன் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை தந்தார். அந்த மருத்துவமனையில் கண்ணாடி மாட்டும் தொழிலாளிதான் மாற்றத்தை முதலில் கவனித்தார் என்று ஒரு கதை உண்டு: உடைகிற ஜன்னல்கள் குறைந்துவிட்டனவாம். பதற்றம், படபடப்பு என்று வந்தவர்களுக்கும் டாக்டர்கள் இதை எழுதித் தர ஆரம்பித்தார்கள்.

மருந்து வேலை செய்கிறது, சரி. மூளைக்குள் என்ன செய்கிறது? அதைச் சொன்னவை முயல்கள்.

ரெசர்பின் ஊசி போட்ட முயல் தூங்குவதில்லை. காது தொங்க, இமை சரிய, வைத்த இடத்தில் அப்படியே கிடக்கும். 1955ல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடத்தில் அப்படிக் கிடந்த முயல்களின் மூளையைச் சோதித்தபோது, செரோட்டோனின் என்ற பொருள் பெருமளவு வற்றியிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் போதும். குச்சியைப் பெட்டியில் அடைத்தால்தான் சரக்கு கடைக்குப் போகும். நரம்பு முனையிலும் செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவற்றை நுண்ணிய பைகளில் அடைத்து வைத்திருக்கிறது உடம்பு. சமிக்ஞை வந்ததும் பை திறந்து, உள்ளிருப்பது அடுத்த நரம்பின் ஏற்பியில் போய் ஒட்டும். ரெசர்பின் ஏற்பியைத் தொடுவதே இல்லை. பையில் அடைக்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. அடைபடாமல் வெளியே கிடப்பதை நரம்புக்குள் இருக்கும் நொதி சிதைத்துவிடும். ஏற்பிகள் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும், சரக்கு வராது.

வற்றியவற்றில் எது இல்லாமல் முயல் முடங்கியது? பிராடியிடம் பயின்று சுவீடனுக்குத் திரும்பிய ஆர்விட் கார்ல்சன் 1957ல் விடை கண்டார். செரோட்டோனின் ஆகும் மூலப்பொருளைக் கொடுத்தார், முயல் அசையவில்லை. டோபா என்ற பொருளைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் காதை நிமிர்த்தி நடமாடத் தொடங்கியது. டோபா மூளைக்குள் போய் டோபமின் ஆகிறது. அசைவுக்கே டோபமின் வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. பார்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக இருக்கும் லெவோடோபா இந்த வழியில் வந்ததே. கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே டோபாவை 1937லேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அதற்கு மூளையில் இத்தனை பெரிய வேலை இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

மனநல மருந்தாக ரெசர்பினின் வாழ்வு நீளவில்லை. ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். சிலருக்குக் கை நடுங்கியது. மனநோய்க்கு குளோர்புரோமசின் வந்தது. பதற்றத்துக்கு 1960ல் லிப்ரியமும் 1963ல் வேலியமும் வந்தன. அவை சரக்கைக் காலி செய்வதில்லை. காபா என்ற பொருளின் ஏற்பியில் ஒட்டி, நரம்பை அமைதிப்படுத்தும் அந்தப் பொருளின் வேலைக்கு வலுச் சேர்ப்பவை. இந்தியாவில் ரெசர்பின், 'அடெல்பேன்' போன்ற பிரஷர் மாத்திரைகளில் கலவையாக வெகுகாலம் ஓடியது. வேருக்கு வந்த கிராக்கியில் காட்டுச் செடி அருகிப்போய், இன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

நம் வைத்திய மரபுக்கு இது பெருமைதான், சந்தேகமில்லை. அதற்காகப் படபடப்பு என்றதும் யாரோ சொன்னார்கள் என்று சர்ப்பகந்தா வேரை வாங்கி இடித்துக் குடிக்காதீர்கள். ஒரு யானையை அடக்கிய வேர் அது. மூளையின் கையிருப்பைக் கரைப்பது. அளவு பார்த்துக் கொடுக்க வைத்தியர் வேண்டும். ஏற்கெனவே பிரஷருக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எடுப்பவர்கள், இந்த வேர் சேர்ந்த எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.