“வயசானவங்களுக்குத்தானே ஆபத்து?”

1/ 2020 மார்ச்சில் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே ஆறுதல் சுத்திட்டு இருந்துச்சு. “பயப்படாதீங்க, வயசானவங்களுக்குத்தான் ஆபத்து.” அதே ஹாலில் உட்கார்ந்திருந்த தாத்தா, பாட்டி காதிலும் அது விழுந்தது. கொள்ளை நோய் காலத்தில் முதியவர்களின் மனசுக்கு என்ன ஆகும்னு 17 வருஷம் முன்னாடியே ஒரு நகரம் பார்த்திருக்கு. அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

2/ ஹாங்காங், 2003. சார்ஸ். அதுவும் கொரோனா குடும்பத்து வைரஸ்தான். அங்கே 1,755 பேருக்குத் தொற்று, 299 பேர் மரணம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இறப்பு அபாயம் மிக அதிகம். மார்ச் கடைசியில் பள்ளிகளை மூடினார்கள். அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாக்கையே தனிமைப்படுத்தினார்கள்.

3/ ஜூன் 23-ல் சார்ஸ் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து ஹாங்காங்கை உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. ஊரே பெருமூச்சு விட்டது. ஆனா கணக்கு அங்க முடியல.

4/ பிறகு ஆய்வாளர்கள் இறப்புப் பதிவுகளைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 2003 ஏப்ரலில் முதியோர் தற்கொலைகள் வழக்கத்தைவிட அதிகம். 2003, 2004 இரண்டு வருடமும் 2002-ஐ விட விகிதம் கூடுதல். நோய் போயிடுச்சு, ஆனா எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பல.

5/ ஏன்? நோய் வந்துடுமோ என்ற பயம். மனிதத் தொடர்பு அறுந்த தனிமை. சார்ஸ் பலி 299 என்ற எண்ணில் இவர்கள் வரமாட்டார்கள்.

6/ வயசை வைத்து ஒருத்தரை மட்டமா எடைபோடுவதற்கு ‘ஏஜிசம்’ என்று 1969-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். தமிழில் வயதுப் பாகுபாடு.

7/ 2020-ல் அது வெளிப்படையாவே வந்தது. ட்விட்டரில் ‘பூமர் ரிமூவர்’ என்று ஹேஷ்டேக். பொருளாதாரத்துக்காகப் பல தாத்தா பாட்டிகள் ரிஸ்க் எடுக்கத் தயார் என்ற பொருளில் டிவியில் பேசினார் டெக்சாஸ் துணை ஆளுநர் டான் பேட்ரிக்.

8/ நம்ம நாட்டிலும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சினிமா, சீரியல் படப்பிடிப்புக்கு வரக்கூடாது என்றது மகாராஷ்டிர அரசு. 70 வயது நடிகர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். உடம்பு நல்லா இருக்கிறவர் வேலைக்கே போகாமல் எப்படி கௌரவமாக வாழ்வார் என்று கேட்ட பாம்பே உயர்நீதிமன்றம், 2020 ஆகஸ்டில் அந்தத் தடையை ரத்து செய்தது.

9/ முதியவர்களைத் தொற்றிலிருந்து காப்பது அவசியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனா கதவைச் சாத்தினவங்க, உள்ளே இருக்கிறவர்கிட்ட தினமும் பேசணும். முடிவெடுக்கும்போது அவரையும் கேட்கணும். பாதுகாப்புக்கும் ஒதுக்கலுக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு.

10/ இப்போ மருத்துவரா ஒரு விஷயம். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையா வராது. தூக்கமின்மை, பசியின்மை, உடம்பு வலி, மறதி என்று வரும். “வயசானா அப்படித்தான்” என்று நாம கடந்து போறோம். அதுவும் வயதுப் பாகுபாடுதான். இது வயசு இல்ல, நோய். எந்த வயசிலும் சிகிச்சை உண்டு.

11/ “நான் உங்களுக்குப் பாரமா இருக்கேன்” என்று ஒரு பெரியவர் சொன்னா புலம்பல்னு விட்டுடாதீங்க. பக்கத்தில் உட்காருங்க, கேளுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

12/ முதியோர் உதவி எண் 14567. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104. வீட்டுப் பெரியவங்க போனில் இன்னைக்கே சேவ் பண்ணிக் கொடுங்க.