சயாம் ரயில் பாதையில் படுத்தவர்கள்



நோயாளிக்குப் பணிவிடை என்றதும் மருந்து கொடுப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. படுத்தவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, மலசலம் எடுப்பது, தோலைத் துடைத்து உலர்த்துவது ஆகியவற்றை ஆயாவின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த வேலைக்கு ஆளில்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு நம் தோட்டத்து மக்களின் வரலாற்றிலேயே கொடிய சான்று உண்டு. சயாம் மரண ரயிலைத்தான் சொல்கிறேன்.

1942-இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்தவர்களில் 60,000-க்கு மேற்பட்டோர் போர்க் கைதிகள். மலாயாவிலிருந்து போன தொழிலாளரோ, போருக்குப் பின் எடுத்த கணக்கின்படி, 78,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்; ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து போனவர்களும் உண்டு. கைதிகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் மாண்டார். மலாயாத் தொழிலாளரில் கணக்கில் வந்த சாவு மட்டும் 29,000-க்கு மேல். ஓடிப்போனதாக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் காட்டில் விழுந்தார்களோ!

அதே காடு, அதே மழை, அதே வாந்திபேதி. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

கைதிகளிடையே மருத்துவர்களும் பணிவிடை வீரர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர்களான எட்வர்டு டன்லப், ஆல்பர்ட் கோட்ஸ் போன்றோரிடம் மருந்து மிகக் குறைவு, ஆட்கள் இருந்தார்கள். கக்கூசுக் குழி வெட்டி மூடினார்கள். தண்ணீரைக் காய்ச்சினார்கள். மூங்கிலைப் பிளந்து, படுத்தபடியே மலம் கழிக்கச் சட்டி செய்தார்கள். எழ முடியாதவனைத் தோழன் தூக்கிக் கழுவினான். நம்மவரின் முகாம்களில் இதைச் செய்ய யார் இருந்தார்கள்? நோயுற்றவரைத் தனிக் கொட்டகையில் கிடத்திவிட்டார்கள்; அங்கே போனவர் திரும்புவது அரிது என்ற அச்சமே மிஞ்சியது.

தமிழருக்குச் சுத்தம் தெரியாததே காரணம் என்பதுபோல் கைதிகள் சிலர் பின்னாளில் எழுதினார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தோட்டத்தில் டிரெசர் இருந்தார், தண்ணீர்க் குழாய் இருந்தது, கூப்பிட்டால் வர லயத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். காட்டுக்கு ஆளைக் கொண்டுபோனவர்கள் இவற்றைக் கொண்டுபோகவில்லை.

அசையாமல் கிடப்பவரின் உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு தோலை அழுத்துகிறது. அழுந்திய இடத்தில் இரத்தம் ஓடாது, சதை செத்துப்போகும். மலசலத்தில் நனைந்த தோல் ஊறி, இன்னும் விரைவில் கிழியும். உணவு குறைந்த உடம்பில் புண் ஆறாது. சயாம் காட்டில் மூங்கில் கீறிய சிறு காயமே எலும்பு தெரியும் புண்ணாயிற்று. அத்தகைய கால்களைக் கோட்ஸ் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பணிவிடையின் குற்றம் என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களை லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் ஏற்றார். அவர்களைப் பிழைக்கமாட்டாதவர்கள் என்றே முன்பு கைவிட்டுவந்தார்கள். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டச் சொன்னார் குட்மன். அவர்களில் பலர் பிழைத்து வேலைக்கும் போனார்கள்.

இன்று வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படுக்கையில் இருந்தால் செய்யவேண்டியதும் ஏறக்குறைய அதுவே. புரட்டும்போது இழுக்காதீர்கள், தூக்கிப் புரட்டுங்கள். இழுத்தால் தோல் உரியும். சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காத இடத்தைத் தேய்க்கவே கூடாது. நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அது தவறு; மலம் இறுகும், சிறுநீர் எரியும்.

சயாமுக்கு வருவோம். தொழிலாளர் சாவு மிகுந்து வேலை தடைப்படவே, 1943-இன் நடுவில் ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்த கைதிகளிலிருந்து இரண்டு மருத்துவக் குழுக்களைப் பிரித்து அனுப்பினார்கள். 'கே' படை, 'எல்' படை என்பவை அவை. அவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து முகாம் முகாமாகப் போனார்கள். அதற்குள் வாந்திபேதி பல கொட்டகைகளைக் காலிசெய்திருந்தது. இரு படைகளையும் சேர்த்தால் சுமார் 345 பேர். அவர்கள் பார்க்கவேண்டியிருந்தது பல்லாயிரம் பேரை.